போனின் முதுகு

ரிங்கிங் என்றுதான் வருகிறது. காலிங் இல்லை, ரிங்கிங். இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று இன்றைக்குக் காலை வரைக்கும் எனக்குத் தெரியாது. காலிங் என்றால் அந்தப் பக்கம் போன் செத்துக் கிடக்கிறது, நெட் இல்லை. ரிங்கிங் என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கே அடிக்கிறது. அம்மாவின் விமானம் கோலாலம்பூரில் இறங்கியது நம் நேரம் பத்தே கால். அங்கிருந்து பதினொன்று இரண்டு வரைக்கும் நான் அடித்த ஒவ்வொரு வீடியோ காலும் காலிங், காலிங், காலிங். பதினொன்று இரண்டுக்கு ரிங்கிங். நான் வேலை பார்க்கிற செல்போன் கடை என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். முதலாளி ஜமால் பாய் கையிலிருந்த சார்ஜர் டப்பாவைக் கீழே போட்டார். "என்ன புள்ள, லாட்டரி அடிச்சிருச்சா?" என்றார். "அம்மா ஆன் பண்ணிட்டா பாய், மூணு சுவிட்சையும் ஆன் பண்ணிட்டா" என்றேன். அது பதினொன்று இரண்டு. இப்போது பதினொன்று நாற்பது. முப்பத்தெட்டு நிமிஷமாக ரிங்கிங். எடுக்கவில்லை. பன்னிரண்டரைக்கு, அவர்கள் கடிகாரத்தில் மூன்று மணிக்கு, விமான நிலையத்திலிருந்து ஈப்போ போகிற பஸ் கிளம்பிவிடும். நான் கூப்பிட்டுச் சொல்லாமல் ஏறாதே என்று அம்மாவிடம் சொன்னது நான்தான். கூப்பிடுகிறேன். எடுக்க மாட்டேன் என்கிறாள். அம்மாவுக்குக் காது கேட்காது. பிறந்ததிலிருந்தே. அதனால்தான் வீடியோ கால். எங்கள் பேச்சு முழுக்கக் கையில் இருக்கிறது, கையைக் காட்ட நெட் வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

இந்தப் போன் அம்மாவுடையது. மேல் மூலையில் விரிசல், ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் விரல் நுனியில் முள் மாதிரி இடறுகிறது. என் போன் அம்மாவிடம் போய்விட்டது, ஏனென்றால் இதில் இ-சிம் ஏறாது, என்னுடையதில் ஏறும். என் போனை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். தூங்கும்போதும் தலையணைக்குள் வைத்துத் தூங்குகிறவள். அம்மா கேட்கவே இல்லை, நானே கொடுத்தேன். என் சிம்மை இதில் போட்டு, அம்மாவின் சிம்மை அதில் போட்டு, அவள் வாட்ஸ்அப்பை அதில் ஏற்றி, பிறகு மலேசியாவுக்கான இ-சிம். அது கட்டம் கட்டமாக இருக்கிற ஒரு க்யூஆர் கோடு, மெயிலில் வந்தது, என் போனிலேயே வந்தது. தன் திரையில் இருக்கிறதைத் தன் கேமராவால் எப்படிப் பிடிக்கும்? பக்கத்துச் செராக்ஸ் கடையில் தாளில் அச்சடித்துக்கொண்டு வந்து ஸ்கேன் செய்தேன். அம்மா கூடவே உட்கார்ந்து பார்த்தாள். ஏறிவிட்டது என்று காட்டினேன். எங்கே என்றாள். உள்ளே என்றேன். ஊசியால் சிம் தட்டை வெளியே இழுத்துப் பார்த்தாள், அவளுடைய பழைய சிம் மட்டும் இருந்தது. என்னை ஏமாற்றுகிறாயா என்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு சிம் என்று நாங்கள் காட்டுவதைக் காட்டினாள், சுண்டு விரல் நகத்தை இரண்டு விரலால் கிள்ளுவது, கிள்ளியதை உள்ளங்கையில் வைத்து உப்பென்று ஊதினாள். இ-சிம். அந்த நொடியிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பேர். உலகத்தில் வேறு யாராவது அதற்கு இப்படி ஒரு வார்த்தை கண்டுபிடித்திருப்பார்களா தெரியவில்லை. ஜமால் பாய்தான் பயமுறுத்தினார். "இது டேட்டா மட்டும்தான் புள்ள, நம்பர் கிடையாது, பேச முடியாது." நான் சொன்னேன், "எங்கம்மாவும் அப்படித்தான் பாய், பேச மாட்டா, டேட்டா மட்டும்." பாய் கொஞ்ச நேரம் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்.

எடுக்கவில்லை. கட் ஆனது. மறுபடி. டிக் இரண்டு விழுந்திருக்கிறது என் மெசேஜ்களுக்கு, நீலமாகவில்லை. மெசேஜையும் பார்க்கவில்லை என்றால் போனையே பார்க்கவில்லை. போனையே பார்க்கவில்லை என்றால் போன் அவளிடம் இல்லை. எவனாவது அடித்துக்கொண்டு போய்விட்டான். இல்லை, திருடியவன் முதலில் ஆஃப் செய்வான், இது அடிக்கிறது. மயங்கி விழுந்துவிட்டாளா? காலையில் சாப்பிட்டாளா? திருச்சியில் விட்டபோது ஒரு வாழைப்பழம் கையில் இருந்தது, அதைச் சாப்பிட்டாளா, எனக்குக் கையசைக்க அதே கையைத்தான் தூக்கினாள், பழத்தோடு. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பழம் ஆடியது. சனியன் பிடித்த நினைப்பு, பழத்தில் போய் நிற்கிறது. இமிக்ரேஷனில் பிடித்து வைத்துவிட்டார்களோ? ஏதோ கேட்டிருப்பார்கள், இவள் காதைத் தொட்டுக் கையை ஆட்டியிருப்பாள், திமிர் என்று நினைத்திருப்பார்கள். எல்லாரும் முதலில் திமிர் என்றுதான் நினைக்கிறார்கள். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பாதவள் திமிர் பிடித்தவள். அதற்காகத்தான் இங்கிலீஷிலும் மலாயிலும் அட்டை எழுதிக் கொடுத்தேன். எனக்குக் காது கேட்காது, எழுதிக் காட்டுங்கள். அட்டை கைப்பையின் முன் ஜிப்பில். அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஜிப். ஏன் அதில் வைத்தேன்?

சுளீரென்று கண்ணில் வெளிச்சம். ஞானம் மாமா. அம்மாவின் அண்ணன். இது நாலாவது தடவை. இந்தப் போனில் யார் கூப்பிட்டாலும் பின்பக்கத்து டார்ச் விட்டு விட்டு மின்னும், மேஜையில் கவிழ்த்து வைத்தால் நேராக முகத்தில் அடிக்கிறது. "வந்து சேந்துட்டாளாடி?" "ம்." "பஸ் ஏறிட்டாளா?" "ஏறப் போறா." "நீ பேசுனியா?" "பேசுனேன் மாமா, கடையில கூட்டமா இருக்கு." வைத்துவிட்டேன். கடையில் ஒரு ஈ கூட இல்லை. மாமா கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். கெட்டவர் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். அம்மாவின் தோழி ரெஜினா அத்தை மகள் கல்யாணத்துக்கு ஈப்போவிலிருந்து டிக்கெட்டே அனுப்பியபோது மாமா எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "கேக்காதவள தனியா கடல் தாண்டி அனுப்புறியா? அந்த ரெஜினாவுக்கும் கேக்காது, அவ புருஷனுக்கும் கேக்காது. எங்கயாவது மாட்டுனா யாரு யாருக்குச் சொல்றது? ஒரு தடவ போதும்டி. ஒரு தடவ தப்பாச்சுன்னா அப்புறம் அவள நான் திருச்சிக்குக்கூட விட மாட்டேன்." இதையெல்லாம் நான் அம்மாவுக்குக் கையில் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம், வாயால் வருகிறதைக் கையால் கொடுப்பது. நான் கொடுத்தது: மாமா பத்திரமாகப் போய்வரச் சொல்கிறார். அம்மா மாமாவைப் பார்த்துத் தலையாட்டினாள். நாற்பத்தி நாலு வயதில் முதல் தடவையாகத் தனியாகப் போகிறாள். சின்ன வயதில் செவித்திறன் குறைந்தவர்கள் பள்ளி விடுதியில் ஒரே கட்டிலில் படுத்தவர்கள் அவளும் ரெஜினா அத்தையும், விளக்கை அணைத்த பிறகு ஒருத்தி உள்ளங்கையில் ஒருத்தி எழுதிப் பேசிக்கொள்வார்களாம். பத்தொன்பது வருஷமாக அந்த உள்ளங்கையைத் தொடவில்லை. மணப்பெண்ணின் ரவிக்கையை அம்மாதான் தைத்திருக்கிறாள், அளவு வீடியோ காலில் எடுத்தது. இன்றைக்குச் சாயங்காலம் நலங்கு. இது தப்பானால் அவ்வளவுதான். அம்மா மறுபடி அந்தத் தையல் மிஷினுக்கும் வாசலுக்கும் நடுவில். நான் செய்த வேலையால்.

கையில் பொய்யாக மாற்றிச் சொல்வது எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பழக்கம். பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா வருவாள், அப்பா இல்லை, அது வேறு கதை, இப்போது அதற்கு நேரமில்லை. டீச்சர் என்னைப் பற்றி அம்மாவிடம் சொல்ல வேண்டும், அதை நானே அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். எந்தத் திருடனுக்குக் கிடைக்கும் இந்த வசதி? "இந்தப் பொண்ணுக்கு வாய் மட்டும்தான் இருக்கு, மூளை கிடையாது. ஒரு நாளாவது வீட்டுப்பாடம் முடிச்சிருக்காளா?" நான் அம்மாவுக்குக் காட்டியது: நன்றாகப் பேசுகிறேனாம், வீட்டுப்பாடம் இன்னும் கொஞ்சம் கொடுக்கலாமாம். அம்மா டீச்சரைப் பார்த்து அழகாகக் கும்பிட்டாள். பஸ் நிறுத்தத்தில் கொய்யாக்காய் வாங்கினாள், மிளகாய்ப்பொடி தூவி, பெரிய பாதியை எனக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சொன்னாள்: பல்லைக் கடித்துக்கொண்டு யாரும் நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்கள். அவ்வளவுதான். அடுத்த கூட்டத்துக்கும் வந்தாள், நான் மறுபடி பொய் சொன்னேன், மறுபடி கும்பிட்டாள். பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றேன். பிடிக்கவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை, பிடிக்கவில்லை. நின்ற அன்றைக்கும் அம்மா திட்டவில்லை. இரண்டு விரலால் என் வலது புருவத்தைத் தட்டினாள். கையில் என் பேர் அதுதான். தொட்டிலிலிருந்து விழுந்து புருவம் கிழிந்த தழும்பு அங்கே இருக்கிறது. ரேஷன் கார்டில் தமயந்தி. அம்மாவுக்குப் புருவம். பிறகு போய்த் தூங்கு என்றாள்.

பதினொன்று ஐம்பத்தி மூன்று. போன் சூடாகிவிட்டது. எதிரே புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எல்லா டிரைவர்களும் ஒரே நேரத்தில் ஹாரன் அடிக்கிறார்கள், எரிச்சலாக இருக்கிறது. பாய் டீ வாங்கி வைத்திருக்கிறார், ஏடு படிந்துவிட்டது. மூன்று சுவிட்சையும் அம்மா ஒரே தடவையில் கற்றுக்கொண்டாள். இ-சிம் ஆன். அதற்கு ரோமிங் ஆன். நெட்டை அந்தச் சிம்முக்கு மாற்று. ஒன்று, இரண்டு, மூன்று, விரல் மடக்கிச் சொன்னாள். நான்தான் நம்பவில்லை. நாலு நாள் உயிரை எடுத்தேன். வேறு எதையும் தொடாதே, நீ என்னைக் கூப்பிடாதே, ஏதாவது அழுத்திக் கெடுத்துவிடுவாய், நான் கூப்பிடுவேன், வெளியே வந்து பஸ் நிற்கிற இடத்துப் பெஞ்சில் உட்கார், கூப்பிட்டதும் எடு. இவ்வளவையும் கையால் சொல்லும்போது என் கை அடிக்கிற மாதிரி இருந்திருக்கும். சரி சரி என்றாள். நான் கடையில் தினம் பத்துப் பேருக்கு இ-சிம் ஏற்றிக் கொடுக்கிறவள், துபாய், சவூதி, சிங்கப்பூர், ஒருத்தர் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. பெரிய ஆள். சுளீர். கண்ணில் வெளிச்சம். மறுபடி மாமா. எடுக்கவில்லை. மின்னுகிறது, மின்னுகிறது, ஒரு போனுக்கு எதற்கு இப்படி மின்னல், இந்தச் சனியனை முதலில் நிறுத்த வேண்டும். செட்டிங்குக்குள் போனேன். அழைப்பு வரும்போது ஒளிரும், ஆன். அணைக்க விரல் போனது. விரல் அப்படியே நின்றது.

என் போனில் இது ஆஃப்.

என் போனில் இது எப்போதுமே ஆஃப். எனக்கு எதற்கு வெளிச்சம்? எனக்குத்தான் காது கேட்கிறதே. வைப்ரேஷனும் ஆஃப், கடை மேஜையில் சர்ரென்று ஓடுகிறது என்று நானே அணைத்தேன். இ-சிம் ஏற்றினேன், வாட்ஸ்அப் ஏற்றினேன், எழுத்தைப் பெரிசாக்கினேன், திரையில் ரெஜினா அத்தை படம்கூட வைத்தேன். வெளிச்சத்தை வைக்கவில்லை. அம்மாவுக்குப் போன் என்றால் வெளிச்சம்தான். தைக்கும்போது போனைக் கவிழ்த்துத்தான் வைப்பாள், டார்ச் இருக்கிற முதுகு மேலே தெரிய வேண்டும். பஸ்ஸில் போனால் கைப்பையின் வலைப் பையில் முதுகு வெளியே தெரியச் செருகுவாள், பையைக் கண் படுகிற இடத்தில் வைப்பாள், ஓரக்கண் அதிலேயே இருக்கும். இப்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். ஐம்பது நிமிஷமாக என் போனின் முதுகைப் பார்த்துக்கொண்டு, புருவம் இன்னும் கூப்பிடவில்லையே என்று. போன் செத்துப்போகவில்லை. திருட்டுப் போகவில்லை. அடிக்கிறது. நன்றாக, சத்தமாக அடிக்கிறது, அந்த இடத்தில் அவளைத் தவிர மற்ற எல்லாருக்கும் கேட்கிறது. இதை நினைத்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, ஏனென்றால் என் ரிங்டோன் என்ன என்று ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் வருகிற டெம்போ. ஒலிபெருக்கியில் ஒருத்தர் மூக்கால் பாடுவார், பழைய பேன், பழைய மிக்சி, ஓடாத மோட்டாரு, உடைஞ்ச சைக்கிளு வாங்குறதேய். விளையாட்டுக்கு ரெக்கார்ட் செய்து வைத்தது. முழுச் சத்தத்தில். கோலாலம்பூர் விமான நிலையத்தில்.

"பாய், உங்க போன எடுங்க. அம்மா நம்பருக்கு வாட்ஸ்அப்புல அடிங்க. நான் வெச்சதும் நீங்க, நீங்க வெச்சதும் நான். இடைவெளியே விடக் கூடாது." பாய் ஏன் என்று கேட்கவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அடித்தார். இந்த ஒன்றுக்காகவே அவர் கடையில் நான் இன்னும் பத்து வருஷம் இருப்பேன். வெளிச்சம், மாமா. இந்தத் தடவை எடுத்தேன். "மாமா, நான் பொய் சொன்னேன். அம்மா இன்னும் போன எடுக்கல. தப்பு அவ மேல இல்ல, என் மேல. லைட்ட ஆன் பண்ணாம குடுத்துட்டேன்." திட்டட்டும் என்று நின்றேன். "நீங்களும் வாட்ஸ்அப்புல அவளுக்கு அடிங்க மாமா, விடாம அடிங்க." "அடிச்சா அவளுக்குக் கேக்காதேடி." "அவளுக்கு இல்ல மாமா. பக்கத்துல இருக்கறவங்களுக்கு." மாமா, "யாருக்கு அப்புறம் யாரு அடிக்கணும்?" என்றார். வரிசையைச் சொன்னேன். பாய், நான், மாமா. பாய், நான், மாமா. பன்னிரண்டு. பன்னிரண்டு ஐந்து. பாய் ஒவ்வொரு தடவை வைத்ததும் 'ம்' என்பார், நான் அடிப்பேன். யாராவது ஒருத்தருக்கு எரிச்சல் வர வேண்டும். இத்தனை பெரிய ஊரில் எரிச்சல்படுகிற ஒரே ஒரு ஆள். என்னை மாதிரி ஒரு ஆள். பின்னாலிருந்து கூப்பிட்டுத் திரும்பவில்லை என்று போகாமல், அருகில் வந்து தோளைத் தொடுகிற ஆள். பன்னிரண்டு ஒன்பது. தொடுங்கள். யாராவது தொடுங்கள். நான் கடவுளிடம் எல்லாம் கேட்கிறவள் இல்லை, டெம்போக்காரரிடம் கேட்டேன். அண்ணே, இன்னும் கொஞ்சம் சத்தமா.

பன்னிரண்டு பதினொன்றுக்குத் திரை மாறியது. ஒரு காது. பிறகு ஒரு கன்னம், பிறகு முழு முகம், என் அம்மா இல்லை. தலையில் துணி கட்டி, பச்சைச் சட்டை, கழுத்தில் வேலை அட்டை தொங்குகிற ஒரு அக்கா. "ஹலோ, யாரு இது? இந்தப் போன் அரை மணி நேரமா கத்துது லா. பழைய மிக்சி வேணுமாம். நானும் எந்த டெம்போடா உள்ள வந்துச்சுன்னு தேடுறேன்." தமிழ். அந்த ஊர்க்காரர்கள் 'லா' போட்டுப் பேசுகிற தமிழ். என் வாய் முந்திக்கொண்டது. வாய் மட்டும்தான் இருக்கு என்று டீச்சர் சொன்ன அந்த வாய். "அக்கா, அது எங்கம்மா போன். பக்கத்துல நீலச் சேலை. அவங்களுக்குக் காது கேக்காதுக்கா." அந்த அக்கா முகம் சட்டென்று மாறியது. "ஐயோ. கூப்பிட்டேன் லா, திரும்பவே இல்ல, அப்பறம் நானே பையிலருந்து எடுத்தேன். திமிரு புடிச்ச பொம்பளன்னு நெனச்சிட்டேன்." "எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க, பரவால்ல, உங்க பேரு என்னக்கா?" "தனலெட்சுமி. இரு இரு, அம்மாகிட்ட தரேன்." படம் ஆடியது, கூரை, விளக்கு, தரை, பிறகு அம்மா. கையில் பாதி தின்ற பன்னோடு. என்னைப் பார்த்ததும் பன்னை மடியில் போட்டுவிட்டு இரண்டு விரலால் புருவத்தைத் தட்டினாள்.

ஏன் இவ்வளவு நேரம் என்றாள். நான் பதில் சொல்வதற்குள் சாப்பிட்டாயா என்றாள். பஸ், பஸ் என்று நான் கையை வீசினேன், கிளம்பிவிடும், ஆறாம் நம்பர் வாசல், ஓடு. அவள் நிதானமாகப் போனைத் திருப்பினாள். இருபது அடியில் பஸ். கதவு திறந்து கிடக்கிறது, டிரைவர் இந்தப் பக்கம் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார். பெட்டி உள்ளே போய்விட்டது என்றாள் அம்மா. டிரைவரிடம் அட்டையைக் காட்டினேன், டிக்கெட்டைக் காட்டினேன், அவர் எழுதிக் காட்டினார், கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்து தோளைத் தொடச் சொல்லியிருக்கிறேன் என்றாள். நான் கூப்பிடவில்லை என்றால் என்று கேட்டேன். அம்மா தோளைக் குலுக்கினாள். அதுவரைக்கும் உன் வெளிச்சத்துக்குக் காத்திருப்பேன். அப்புறம் ஏறிவிடுவேன். வேறென்ன செய்ய? பத்தொன்பது வருஷம் கழித்துப் போகிறேன், உனக்காகப் பஸ்ஸை விடுவேனா? எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. இத்தனை நேரம் மூன்று ஆட்கள், மூன்று போன், ஒரு டெம்போ, அங்கே இவள் பன் தின்றுகொண்டிருந்திருக்கிறாள். அம்மா போனைத் தடவிப் பார்த்து, முதுகைக் காட்டிக் கேட்டாள், இது ஏன் மின்னவில்லை? என் கையில் பொய் தயாராக இருந்தது. அங்கே சிக்னல் சரியில்லை. அந்தப் போன் அப்படித்தான். வருஷக்கணக்காகப் பழகிய கை. நான் சொன்னேன்: மறந்துவிட்டேன். என் தப்பு. எனக்குக் கேட்கும் என்பதால் உனக்கு வைக்க மறந்துவிட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கையைப் பார்க்கவில்லை, முகத்தை. பிறகு சிரித்தாள், பல் தெரிய, சத்தத்தோடு, அவளுக்கே கேட்காத அந்தக் கரகரத்த சிரிப்பு, தனலெட்சுமி அக்காவும் எதற்கென்று தெரியாமலே சிரிக்கிறது கேட்டது. அக்காவுக்கு நன்றி சொல்ல எனக்கு வரவில்லை. எனக்கு அதெல்லாம் வராது. "அக்கா, நீங்க எரிச்சல்பட்டதுக்கு" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். "போம்மா, நன்றியாவது ஒன்னாவது, அந்த மிக்சிக்காரன மொதல்ல மாத்து லா" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். அது போதும். அதை நான் எந்த வார்த்தையில் சொன்னாலும் குறைந்திருக்கும்.

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வெளிச்சத்தை எப்படி வைப்பது என்று சொல்ல ஆரம்பித்தேன், செட்டிங் போ, கீழே போ என்று. அம்மா கையை நீட்டி நிறுத்தினாள். இரு. விரல் நகர்வது தெரிந்தது, ஒன்று, இரண்டு, மூன்று. ஆன் செய்துவிட்டேன், அடித்துப் பார் என்றாள். கட் செய்தாள். மாமாவுக்கு 'ஏறிட்டா' என்று அனுப்பினேன், நிஜமாகவே. பாய் ஆறிப்போன டீயை என் பக்கம் தள்ளினார். அம்மாவுக்கு அடித்தேன். ரிங்கிங். எடுக்கவில்லை. ரிங்கிங். எடுக்க மாட்டாள், எனக்குத் தெரியும். போனைக் கவிழ்த்து மடியில் வைத்து முதுகு மின்னுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நான் கூப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஈப்போ பஸ் முழுக்கப் பழைய பேன், பழைய மிக்சி, ஓடாத மோட்டாரு. எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நான் வைக்கவில்லை.